மாமிக்கு நொஸ்க் தெரியும்

(ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு ஞாயிறு பின்னேரம் நடந்த கூட்டத்தில் பேசியது. பேச்சின் நடையைப் பெரிதாகத் திருத்தவில்லை. சில வசனங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



என்னட்டக் கேட்டது ஒரு சின்ன விசயம். நொஸ்க் சோதினையின்ர வாய்மொழிப் பகுதிக்கு எங்கட ஆக்களை எப்பிடித் தயார்படுத்துறது, பத்து நிமிசத்தில சொல்லுங்கோ எண்டு. பத்து நிமிசத்துக்குள்ள முடியாது. இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு மணிக்கூட்டைப் பார்க்காதேங்கோ.

முதல் ஒரு மாமியைப் பற்றி. பேர் வேண்டாம். இந்தப் பக்கத்துத் தொடர்மாடி ஒண்டிலதான் இருக்கிறா. 18 வருசமா கந்தோர்களைத் துப்புரவாக்கிற வேலை. விடிய முதல் ரயிலில போய், மற்றவை வேலைக்கு வர முதல் வேலையை முடிச்சிடுவா. வேலை நேர அட்டவணை பிழையா வந்தா மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்து நொஸ்க்கில சண்டை பிடிப்பா, அதை நானே கேட்டிருக்கிறன். சண்டையில அவதான் வெல்லுறவ. அவவை ஒருநாள் மேசைக்கு முன்னால இருத்தி, போனைப் பதிவில போட்டுட்டு, "உங்கட வேலையைப் பற்றி இரண்டு நிமிசம் சொல்லுங்கோ" எண்டு கேட்டன். நாலு வசனம் வந்தது. அதுக்குப் பிறகு கையைப் பிசைஞ்சுகொண்டு இருந்தா. பிறகு தமிழில சொன்னா: "எனக்கு நொஸ்க் தெரியும் பிள்ளை. மேசையிலதான் தெரியாது."

நான் இண்டைக்குச் சொல்லப்போறது முழுக்க அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான்.

சட்டத்தை விரைவாச் சொல்லிவிடுறன், கனபேருக்குத் தெரிஞ்சதுதான். முந்தி நோர்வே குடியுரிமைக்கு இத்தனை மணித்தியாலம் வகுப்பில இருந்தன் எண்டு காட்டினாலும் சரிவந்தது. 2017 சனவரியில இருந்து வாய்மொழிச் சோதினையில ஆ-2 நிலை வேணும் எண்டு வந்தது. 2022 ஒக்ரோபர் 1இல் அதைப் பே-1 நிலைக்கு உயர்த்தினார்கள். ஒரு படிதானே எண்டு அறிவித்தல் எழுதினவைக்குத் தோன்றியிருக்கும். ஆ-2 எண்டால் கடையில, பஸ்ஸில, வைத்தியரிட்டச் சமாளிக்கிறது. பே-1 எண்டால் ஒரு விசயத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லி, அதுக்குக் காரணமும் சொல்லுறது. இரண்டுக்கும் நடுவில இருக்கிறது ஒரு படி இல்லை, முழு மாடி.

இதால என்ன போகுது எண்டு கேட்கலாம். உள்ளூராட்சித் தேர்தலில, குடியுரிமை இல்லாட்டியும், மூண்டு வருசம் தொடர்ந்து சட்டப்படி இருந்தால் வாக்குப் போடலாம். 1983இல் இருந்து நோர்வேயில் வெளிநாட்டவருக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா ஸ்தோர்திங்கே, அதாவது பாராளுமன்றத் தேர்தலில, குடிமக்களுக்கு மட்டும்தான். சோதினை விதியையே மாற்றுறது பாராளுமன்றம். அந்தப் பாராளுமன்றத்துக்கு ஆளை அனுப்புற உரிமை சோதினையில சித்தியடைஞ்ச பிறகுதான் வரும். மாமிக்கு இந்த முடிச்சு நல்லா விளங்குது. "அப்ப நான் ஆரிட்டப் போய்ச் சொல்றது?" எண்டு கேட்டா.

இனி, போன கூட்டத்தில ஒரு தோழர் எழுப்பின கேள்விக்கு வாறன். அவர் இண்டைக்கும் வந்திருக்கிறார், சந்தோசம். இந்தச் சோதினை ஆக்களை வடிகட்டுறதுக்கு வைச்ச கதவு, அதுக்கு நாங்களே ஆக்களைப் பழக்கினா அந்தக் கதவை ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகாதா எண்டு கேட்டார். நியாயமான கேள்வி. தமிழர் எண்ட வகையில எங்களுக்கு அதைக் கேட்க இன்னும் கூடின உரிமை இருக்கு.

மொழிச் சோதினை எங்களுக்குப் புதுசில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. பிறகு அரச ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சிச் சோதினையில் சித்தியடைந்தால்தான் வருடாந்தச் சம்பள உயர்வு என்று திறைசேரி சுற்றறிக்கை அனுப்பியது. கேகாலைக் கச்சேரியில் வேலை செய்த செல்லையா கோடீஸ்வரன் என்கிற எழுதுவினைஞர் அந்தச் சோதினைக்குத் தோற்றவில்லை. 1962இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசகரும மொழிச் சட்டமே அரசியலமைப்புக்கு முரண் என்றது. 1967இல் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. மொழியைப் பற்றிப் பேசி அல்ல. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்குத் தொடர முடியாது என்று சொல்லி. 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில், தொடரலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்கிற கேள்வியைத் திரும்பவும் கொழும்புக்கே அனுப்பியது. அந்தக் கேள்விக்கு இன்றுவரைக்கும் பதில் வரவில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்வதையே நிறுத்தினார்கள். 1972இல் புதிய அரசியலமைப்பு, சிங்களத்தை அதற்குள்ளேயே எழுதிவைத்துக்கொண்டு வந்தது. அதை வரைந்து நிறைவேற்றிய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் இரண்டு மொழிக்கும் சமவுரிமை கேட்டு நாடாளுமன்றத்தில் நின்ற அதே இடதுசாரி. இடதுசாரிகள் எண்டு சொல்லிக்கொள்கிற நாங்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டி வாசிக்கக்கூடாது.

இதைவிட இருட்டான இன்னொரு வாய்மொழிச் சோதினையும் இருக்கு. 1983 யூலையில காடையர்கள் வாகனங்களை மறிச்சு, வாளிக்குச் சிங்களத்தில என்ன எண்டு கேட்ட கதையை உங்கட வீட்டிலையும் சொல்லியிருப்பினம். அந்தச் சொல்லு 'பால்திய'. முதல் எழுத்தை உதட்டை மூடி, தொண்டை அதிர, 'கம்பு'வில வாற பு மாதிரிச் சொல்லோணும். எங்கட ஆக்களுக்கு 'வ' எண்டோ, 'பந்து'வில வாற ப எண்டோதான் வரும். ஒரு எழுத்தில ஆள் பிடிபடும். நோர்வேச் சோதினையை நான் அதோட ஒப்பிடேல்ல, ஆரும் அப்பிடி விளங்கிக்கொள்ள வேண்டாம். இங்க பிழைச்சா திரும்ப எடுக்கலாம். அங்க பெற்றோல் இருந்தது. ஆனா 60 வயசுத் தமிழர் ஒருவர், ஒரு அதிகாரிக்கு முன்னால கதிரையில இருந்து, "இப்ப பேசுங்கோ" எண்டு கேட்கேக்க வாய் கட்டுப்பட்டுப் போறதுக்கு இலக்கணம் மட்டும் காரணம் எண்டு நினைக்காதேங்கோ.

இது எங்களோட நிக்கிற விசயமும் இல்லை. 1897இல் தென்னாபிரிக்காவின் நாட்டால் குடியேற்ற நாடு, உள்ளே வருகிறவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டது. இந்தியர் என்கிற சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் யாரைத் தடுக்கப் போட்டது என்று எல்லாருக்கும் தெரியும். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும் பகுதி தமிழர், தெலுங்கர். அதே உத்தியை 1901இல் ஆஸ்திரேலியா எடுத்துக்கொண்டது: அதிகாரி விரும்பிய ஐரோப்பிய மொழியில் 50 சொல் சொல்வார், நீங்கள் எழுத வேண்டும். 1934இல் எகோன் கிஷ் என்கிற கம்யூனிஸ்ட் எழுத்தாளர் பாசிசத்துக்கு எதிராகப் பேசப் போனார். அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும். ஆகவே ஸ்கொட்லாந்து கேலிக் மொழியில் சோதினை வைத்தார்கள்! உயர் நீதிமன்றம், இந்தச் சட்டம் சொல்கிற ஐரோப்பிய மொழி கேலிக் அல்ல என்று சொல்லி அவரை விட்டது. கிட்டடியில, பிரித்தானியாவில் 2014ஆம் ஆண்டு, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி சில நிலையங்களில் நடந்த ஆள்மாறாட்டத்தைக் காட்டியதும், டோயிக் ஆங்கிலச் சோதினையின் குரல்பதிவுகளைத் திரும்பவும் பரிசோதித்தார்கள். மொத்தம் 58,458 சோதினைகளில் 97 வீதம் செல்லாது அல்லது ஐயத்துக்குரியது என்று நடத்திய நிறுவனமே சொன்னது. நூற்றுக்கு 97 பேர் கள்ளர் எண்டு ஒரு கணக்கு வந்தா, முதல் கணக்கைத்தான் ஐயப்படோணும். உள்துறை அமைச்சு மாணவர்களின் விசாவைத்தான் பறித்தது. ஆயிரக்கணக்கானோர் பிறகு மேன்முறையீட்டில் வென்றார்கள். அதுவரைக்கும் போன வருசங்களை ஆர் குடுக்கிறது?

ஆகவே தோழரின்ர கேள்விக்கு: ஓம், மொழிச் சோதினை கதவாகத்தான் அடிக்கடி வேலை செய்திருக்கு. ஆனா கோடீஸ்வரன் சோதினையைத் தவிர்த்தபோது அவர் தனி ஆள் இல்லை. தமிழ் அரச ஊழியர் பெருந்தொகையா அதே நிலையில இருந்தினம். பின்னால ஒரு சங்கம் இருந்தது, சட்டத்தரணிகள் இருந்தினம், ஒரு அரசியல் இயக்கம் இருந்தது. மாமிக்குப் பின்னால ஆர் இருக்கினம்? நாங்கள் ஒரு அறிக்கை எழுதுவம். அவ குடியுரிமை இல்லாமல் இருப்பா. பகிஷ்கரிப்பின்ர செலவை ஆகலும் பலவீனமான ஆளின்ர தலையில கட்டுறதை நான் அரசியல் எண்டு ஒத்துக்கொள்ளமாட்டன். விதியை எதிர்க்க வேண்டியது பாஸ்போட் உள்ள நாங்கள். சித்தியடைய வேண்டியது அவ. இரண்டையும் ஒரே கிழமையில செய்யலாம்.

சரி, அறைக்குள்ள போவம்.

சோதினை மூண்டு மட்டத்தில இருக்கு: ஆ-1 முதல் ஆ-2, ஆ-2 முதல் பே-1, பே-1 முதல் பே-2. முதலாவதைத் தெரிவுசெய்தா, நீங்கள் எவ்வளவு திறமாப் பேசினாலும் ஆ-2க்கு மேல கிடையாது. பயத்தில லேசானதைப் பதிஞ்சு, சித்தியடைஞ்சு, பிறகு இது குடியுரிமைக்குக் காணாது எண்டு அறிஞ்சு அழுத ஆக்கள் இருக்கினம். பதியும்போது ஒருக்கா நீங்கள் பக்கத்தில இருங்கோ, அது போதும். உடல்நலக் காரணங்களுக்கு விலக்கும் உண்டு. அது பொருந்துற ஆக்களை வீணாச் சோதினைக்கு இழுக்காதேங்கோ.

பெரும்பாலும் இரண்டு பரீட்சார்த்திகள் ஒன்றாக உள்ள போவினம். எதிரில இரண்டு பரீட்சகர்கள். கொஞ்சம் தனியாகப் பேசோணும், கொஞ்சம் மற்றவரோட சேர்ந்து கதைக்கோணும். புள்ளி ஒவ்வொருவருக்கும் தனித்தனி. எங்கட ஆக்கள் விழுகிற முதல் குழி இதிலதான். பக்கத்தில இருக்கிறவர் கூடக் கதைச்சா, மாமி மரியாதையா விட்டுக்குடுத்திடுவா. தலையாட்டுவா, சிரிப்பா. வீட்டில அது நல்ல பழக்கம். அங்க அது மௌனமாகத்தான் பதியப்படும். அதால நாங்கள் பழக்கிற முதல் வசனம் 'வ மேனர் தூ?', நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் எண்டு மற்றவரைக் கேட்கிறது. கேள்வி கேட்டா நீங்கள் கதையை நடத்துற ஆள். இரண்டாவது, 'கன் தூ யென்தா?', திருப்பிச் சொல்லுறீங்களா. விளங்காட்டி ஓம் எண்டு சொல்லி ஒப்பேத்துறது எங்கட தேசிய நோய். திருப்பிக் கேட்கிறது பலவீனம் இல்லை, உரையாடலைத் தூக்கிப்பிடிக்கிற திறமை.

அந்த 'தூ' இருக்கே, அதுவும் ஒரு கரைச்சல். தமிழில நீ, நீர், நீங்கள் எண்டு மூண்டு படி வைச்சிருக்கிற ஆக்கள், கண்ணாடி போட்ட பரீட்சகரைப் பார்த்து 'நீ' எண்டு சொல்லோணும். ஒரு அண்ணை என்னட்டச் சொன்னார், வாயில வரேக்க உடம்பு கூசுது எண்டு. நோர்வேக்காரர் மரியாதைப் பன்மையை எப்பவோ கைவிட்டுட்டினம், மந்திரிக்கும் தூதான். இதை விளங்கப்படுத்தினால் போதாது. பத்துத் தரம் சத்தமாச் சொல்லி, கூச்சம் போகோணும். நாங்கள் ஒருவரை மாறி ஒருவர் 'தூ' சொல்லிச் சிரிச்சே ஒரு பின்னேரம் போச்சு.

இரண்டாவது குழி, கருத்துக் கேள்வி. பிள்ளைகளை ஒரு வயசிலேயே பானஹாகவுக்கு விடுறது நல்லதா? வேலையிடத்தில கைபேசி பாவிக்கலாமா? இந்த மாதிரி. எங்கட ஆக்கள் என்ன செய்வினம்? பரீட்சகருக்கு எது பிடிக்கும் எண்டு யோசிப்பினம். நோர்வே நல்ல நாடு, பானஹாக நல்லது, எல்லாம் நல்லது. இரண்டு வசனத்தில நன்றியுரை முடிஞ்சிடும். பிறகு சொல்ல ஒண்டும் இல்லை, ஏனெண்டால் அது அவையின்ர கருத்தே இல்லை. இதே ஆக்கள் கலியாண வீட்டில அரசியல் கதைக்கத் தொடங்கினா மண்டபத்தைப் பூட்ட வருவினம், அப்பவும் நிப்பாட்டமாட்டினம்! மொழி இல்லாததால வசனம் நிக்கேல்ல. விருந்தாளி மாதிரிப் பேசோணும் எண்ட நினைப்பில நிக்குது. பரீட்சகர் அளக்கிறது மொழியை. கருத்துக்குப் புள்ளி இல்லை, கருத்துக்காகப் புள்ளி வெட்டவும் இல்லை. நான் மாமிக்குச் சொன்னன், பானஹாக உங்களுக்குப் பிடிக்காட்டி பிடிக்கேல்ல எண்டு சொல்லுங்கோ, ஏன் எண்டு சண்டை பிடியுங்கோ. அண்டைக்குத்தான் முதல்முறை இரண்டு நிமிசம் தாண்டினது.

பாடமாக்கிறதைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் பாடமாக்கி வளர்ந்த சமூகம், நாவன்மைப் போட்டிக்கு அப்பா எழுதித் தர மேடையில ஒப்புவிச்ச ஆக்கள்தான் இதில பாதிப்பேர். அதால 'என் குடும்பம்', 'என் வேலை' எண்டு ஒரு பக்கம் எழுதி மனப்பாடம் செய்யினம். பரீட்சகர் நடுவில ஒரு கேள்வி கேட்டா முழுக் கட்டடமும் சரியும். எழுதாமலே பழகுங்கோ. சமையல் நேரம் நல்ல நேரம். கை வேலை செய்யேக்க வாய்க்குப் பயம் குறையும். வெங்காயம் வெட்டிக்கொண்டே "நேற்று என்ன செய்தனீங்கள்" எண்டு நொஸ்க்கில கேளுங்கோ. பிழையை உடன திருத்தாதேங்கோ. சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க விடுங்கோ, பிறகு ஒரேயொரு பிழையைச் சொல்லுங்கோ. இரண்டு சொன்னா அடுத்தநாள் கதைக்கமாட்டினம்.

உச்சரிப்புக்கு வாறன், இதில நான் கொஞ்சம் மினக்கெடப்போறன். ஐரோப்பியச் சட்டகத்தில் பே-1 நிலைக்கு உச்சரிப்பு விளங்கினால் போதும், வெளிநாட்டுச் சாயல் தெரியலாம் என்றுதான் இருக்கிறது. ஆகவே ஒஸ்லோ மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிப் பேசத் தேவையில்லை. விளங்கோணும், அவ்வளவுதான்.

விளங்காமல் போறது எங்க? அந்த வாளியிலதான். நொஸ்க்கில 'பேற' எண்டா தூக்குறது. 'பேற' எண்டா பெயர்ஸ் பழம். இப்ப நான் சொல்லேக்க உங்களுக்கு வித்தியாசம் கேட்டது, ஒண்டு கம்புவின்ர ப, மற்றது பந்துவின்ர ப. இதை எழுத்தில வாசிக்கப்போற ஆளுக்கு இரண்டும் ஒண்டுதான், ஏனெண்டால் எங்கட எழுத்தில அந்தப் பிரிவு இல்லை. ஆனா வாயில இருக்கு! கம்பு, அம்பு, தம்பி எண்டு சொல்லேக்க மெல்லினத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் தானா வருது. அதால நாங்கள் இப்பிடிப் பழக்கிறம்: 'அம்பேற' எண்டு சொல்லச் சொல்லி, பிறகு 'ம்பேற', பிறகு 'ம்' ஐ மெதுவா விழுங்கச் சொல்லுறது. வந்திடும். பந்துவில வாற 'ந்து', சங்குவில வாற 'ங்கு' இரண்டையும் வைச்சு மற்ற இரண்டு சத்தத்தையும் இதே மாதிரி எடுக்கலாம். 60 வயசு ஆளுக்கு "உங்களுக்கு இது வராது" எண்டு சொல்லுறதுக்கும், "இது உங்கட வாயில ஏற்கெனவே இருக்கு, சொல்லின்ர நடுவில இருந்து முன்னுக்கு எடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டு சொல்லுறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்.

மற்றப் பக்கம், எங்களுக்குச் சும்மா கிடைச்ச சொத்தும் இருக்கு. கிழக்கு நோர்வேப் பேச்சில ர் க்குப் பிறகு ந் வந்தால் அது எங்கட ண் ஆகும். பிள்ளைக்கான சொல் எழுத்தில 'பார்ன்', வாயில 'பாண்', பாணும் பருப்பும் எண்ட பாணின்ர ண். வரைபடத்துக்கான சொல் 'கர்ட்' எண்டு எழுதி 'கட்' எண்டு எங்கட ட் ஐத்தான் சொல்லினம். நாங்கள் 'நொஸ்க்' எண்டுறம். ஒஸ்லோக்காரர் சொல்லுறது 'நொஷ்க்', நாக்கை மடிச்சு. போலந்துக்காரரும் ஜெர்மன்காரரும் இதுக்கு வேர்க்கோணும். எங்களுக்குத் தாய்ப்பாலோட வந்தது. அதே மாதிரிக் குறில் நெடில்: 'தாக்' எண்டா கூரை, 'தக்' எண்டா நன்றி. பட்டு, பாட்டு வித்தியாசம் தெரிஞ்ச ஆளுக்கு இது ஒரு விசயமே இல்லை. வகுப்பில இதை ஆரும் எங்கட ஆக்களுக்குச் சொல்லுறதில்லை.

சொல்லொழுங்கில ஒரு பிழை மட்டும் திருத்துங்கோ. 'நேற்று நான் வேலை செய்தன்' எண்டதை நொஸ்க்கில நேற்று, செய்தன், நான் எண்டு போடோணும், வினை இரண்டாவது இடத்தில. இந்தப் பிழை அடிக்கடி வரும். பகிடி என்னெண்டால், ஸ்தொவ்னர், பூறுசெத் பக்கம் பிறந்து வளர்ந்த பொடியள் பெட்டையளும் தங்களுக்குள்ள கதைக்கேக்க இதே ஒழுங்கை வேணுமெண்டே மீறினம், மொழியியலாளர்கள் அதை ஆராய்ச்சி செய்யினம். மகளின்ர பிழை ஆய்வுப் பொருள், தாயின்ர பிழை புள்ளிக் குறைப்பு.

இப்ப முக்கியமான இடம். மாமிக்கு மேசையில ஏன் வரேல்ல?

எண்பதுகளில வந்த எங்கட ஆக்களில கனபேர் வடக்க, பின்மார்க்கில மீன் தொழிற்சாலைகளுக்குப் போச்சினம். குளிர், இருட்டு, மீன் மணம். அந்த வேலையை நான் அழகுபடுத்தமாட்டன். ஆனா ஒரே மேசையில நோர்வேப் பெண்டுகளோட நிண்டு மீன் வெட்டினதால, வகுப்பு இல்லாமலே பேச்சு வந்தது. இண்டைக்கும் சில ஐயாமார் 'யெய்' எண்டு சொல்லாமல் வடக்கத்தி மாதிரி 'ஏ' எண்டுதான் தங்களைச் சொல்லுவினம். பிறகு தொண்ணூறுகளில இஞ்ச ஒஸ்லோவுக்கு, இந்தப் பள்ளத்தாக்குக்கு, வந்தினம். இஞ்ச கிடைச்ச துப்புரவு வேலை தனிய. விடியப்புறம், வெறும் கந்தோர், ஒரு வாளி, ஒரு தள்ளுவண்டி. 18 வருசம் ஒரு நாட்டின்ர கதிரைகளைத் துடைச்ச ஆளுக்கு, அந்தக் கதிரையில இருக்கிற ஆளோட கதைக்கிற நேரம் ஒருநாளும் வரேல்ல. பிறகு அரசு கேட்குது, ஏன் பேச வரேல்ல எண்டு.

இதில எங்களுக்கு ஒரு கைப்பிடி இருக்கு. கொம்பத்தான்ஸ்-ப்ளுஸ் எண்டு ஒரு அரச நிதித் திட்டம் இருக்கு. நிறுவனங்கள் விண்ணப்பிச்சு, தங்கட ஊழியர்களுக்கு அடிப்படைத் திறன், மொழி வகுப்பு நடத்தலாம். முதலாளி தானா விண்ணப்பிக்கமாட்டார், ஆராவது நெருக்கோணும். துப்புரவுத் தொழிலாளரை அமைப்பாக்கிற ஆர்பைத்ஸ்மன்ட்ஸ்போர்புந்தில எங்கட அம்மாமார் எத்தினை பேர் அங்கத்தவர்? சந்தா கட்டுறவையைத் தேடிப் பிடிச்சு, வேலை நேரத்தில மொழி வகுப்பு எண்ட கோரிக்கையை அவையின்ர பிரதிநிதி மூலம் கொண்டுபோகோணும். இதுக்கு இரண்டு தோழர்கள் பேர் தந்திருக்கினம், இன்னும் இரண்டு பேர் வேணும்.

மற்ற முதலாளி, நாங்கள். சிரிக்காதேங்கோ.

எனக்கு ஒன்பது வயசில, அம்மாவுக்கு வருத்தம் வந்தபோது, வைத்தியருக்கு முன்னால நான்தான் மொழிபெயர்த்தனான். சில சொல்லு எனக்கு விளங்கேல்ல, விளங்கினதில சிலதை அம்மாவுக்குச் சொல்லேல்ல. இங்க இருக்கிற எல்லாருக்கும் இப்பிடி ஒரு கதை இருக்கு. 2022 சனவரியில இருந்து நடைமுறையில இருக்கிற மொழிபெயர்ப்பாளர் சட்டம், அரச அலுவலகங்கள் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கிறதை, விதிவிலக்கான சந்தர்ப்பங்கள் தவிர, தடுக்குது. எங்களுக்கு அது பிந்தி வந்தது. ஆனா நாங்கள் வளர்ந்த பிறகும் அந்த வேலையை விடேல்ல. போன் அடிச்சா பறிச்செடுத்து நாங்கள் பேசுறம். கடையில அம்மா வாயைத் திறக்க முதல் நாங்கள் சொல்லிப்போடுறம். விரைவா முடியும், எங்களுக்கு வெட்கம் இல்லை. அம்மாவின்ர உச்சரிப்பைக் கேட்டுக் காசாளர் முகம் சுளிக்கிறதைப் பார்க்க வேண்டி வராது. பாசத்தோடதான் செய்யிறம். ஆனா ஒரு நாளைக்கு ஐஞ்சு தரம் பேசக் கிடைச்ச வாய்ப்பை நாங்கள்தான் எடுத்துக்கொள்ளுறம். பாதுகாப்புக் குடுக்கிறம் எண்டு நினைச்சு.

நான் இதை மாமியின்ர மகளிட்டச் சொன்னபோது அவவுக்குக் கோவம் வந்தது. "எங்கட அம்மாவை ஒருத்தரும் பகிடி பண்ணக்கூடாது எண்டுதான் நான் பேசினனான்" எண்டு சொன்னா. அது உண்மை. அந்தக் கோவத்துக்கு என்னட்டப் பதில் இல்லை. ஆனா அடுத்த கிழமை மருந்துக்கடையில அவ இரண்டு அடி பின்னால நிண்டவ. மாமி ஐஞ்சு நிமிசம் எடுத்தா. பின்னால வரிசை நிண்டது. மருந்தோட ஒரு பற்பசையும் வாங்கிக்கொண்டு வந்தா, அது மலிவா எண்டு கேட்டு, இல்லை எண்டு அறிஞ்சு, வேற ஒண்டைக் காட்டச் சொல்லி.

மாமி இன்னும் சோதினை எடுக்கேல்ல. அடுத்த முறைக்குப் பதிஞ்சிருக்கிறா, நடு மட்டத்துக்கு. சித்தியடைவாவோ எண்டு நான் சொல்லமாட்டன்.

வாற ஞாயிறு இதே இடம், இதே நேரம், இருவர் சேர்ந்து கதைக்கிற பகுதியைப் பழகுறம். ஒவ்வொருத்தரும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அம்மா, சித்தப்பா, புதுசா வந்த அண்ணி, ஆரெண்டாலும். சோடி சேர்க்கேக்க சொந்தக்காரரைச் சொந்தக்காரரோட விடமாட்டம். முடிஞ்சா சோமாலி, பாக்கிஸ்தான் அயலவரையும் கேளுங்கோ; சோதினை அறையில பக்கத்தில இருக்கப்போறது அவைதான். நீங்கள் குசினியில தேத்தண்ணி போடுவீங்கள், வடை பொரிப்பீங்கள். உள்ள என்ன கேட்டாலும் எட்டிப் பார்த்துப் பதில் சொல்லக்கூடாது.